ஆலைப் புகையும் சமையல் எண்ணெயும்: வாசகர் கேள்வி – பதில்

காற்று மாசு என்றால் நுரையீரலைத்தான் நினைக்கிறோம். எண்ணெயைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் புகையில் இருக்கும் நச்சுகளில் ஒரு பெரும் பகுதி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் ஆலைகளுக்கு அருகே வசிப்போர், வித்து பயிரிடுவோர், சிறு எண்ணெய் ஆலை நடத்துவோர் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் தொழிற்சாலைப் புகைபோக்கி. ஜன்னல் கம்பியில் தினமும் கரி படிகிறது. 15 லிட்டர் டின்னில் வாங்கும் எண்ணெய் இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. புகைதான் காரணமா?

புகை இல்லை. டின்னுக்குள் இருக்கும் சாதாரணக் காற்றுதான் காரணம். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மாசுக் காற்றில் எண்ணெயோடு வேகமாக வினைபுரியக்கூடியது ஓசோன். வாகனப் புகை, ஆலைப் புகை ஆகியவற்றின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. அது எண்ணெயின் இரட்டைப் பிணைப்பை நேரடியாக உடைக்கும். மோசமான நாளில் அதன் அளவு காற்றில் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டின்னில் எண்ணெய்க்கு மேல் ஒரு லிட்டர் காற்று இருந்தால் அதில் உள்ள ஓசோன் 0.2 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 270 மில்லிகிராம், அதாவது பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

பெராக்சைடு எண் என்பது எண்ணெய் எவ்வளவு ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிருக்கிறது என்பதன் அளவு. ஒரு கிலோ எண்ணெயில் அது 10 ஆக உயர வேண்டுமானால் எண்ணெய் ஏறத்தாழ 160 மில்லிகிராம் ஆக்சிஜனை உள்வாங்க வேண்டும். சுத்திகரித்த எண்ணெய்க்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு அந்தப் பத்துதான். உங்கள் டின் பாதி காலியானதும் 8 லிட்டர் எண்ணெய்க்கு மேல் 7 லிட்டர் காற்று நிற்கிறது. அதில் கிட்டத்தட்ட 1.9 கிராம் ஆக்சிஜன் இருக்கும். அந்த எண்ணெய் முழுவதும் வரம்பைத் தொடத் தேவைப்படுவது 1.2 கிராம்தான். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று வேறு உள்ளே போகிறது.

ஆகவே டின்னைத் திறந்த அன்றே சிறு பாட்டில்களில் கழுத்து வரை ஊற்றி மூடி, இருட்டில் வையுங்கள். பாட்டில்கள் ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். பழைய எண்ணெய் ஒட்டிய பாட்டிலைக் கழுவாமல் நிரப்பினால், அந்தப் பழைய எண்ணெயே புதியதைக் கெடுக்கத் தொடங்கும்.

கரி படிவதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. டின் மூடியின் விளிம்பில் சேரும் கரித்தூள், திறக்கும்போது நேராக எண்ணெயில் விழும். திறக்கும் முன் உலர்ந்த துணியால் விளிம்பைத் துடையுங்கள். அகலமான வாயுள்ள பாத்திரத்தில் கரண்டி போட்டுத் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால், புகை சூழ்ந்த வீட்டில் முதலில் விட வேண்டியது அதைத்தான்.

கேள்வி: ஆலைப் பகுதியை ஒட்டிய நிலத்தில் எள், நிலக்கடலை, சூரியகாந்தி மூன்றும் போடுகிறோம். மாசு வித்துக்குள் போகுமா? எதில் அதிகம்?

மூடிய டின்னுக்குள் மாசு நுழைய வழியில்லை. வயலிலும் களத்திலும் நுழைய வழி நிறையவே இருக்கிறது. ஒவ்வொரு மாசும் வேறு வேறு வழியில் வருவதால் பிரித்துச் சொல்கிறோம்.

முதலில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். கரி, டீசல், விறகு, கழிவு என எது அரைகுறையாக எரிந்தாலும் இவை உண்டாகும். இந்தக் குடும்பத்தில் அதிகம் பேசப்படுவது பென்சோ-ஏ-பைரீன். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை வைத்திருக்கிறது. இவை மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி விதைக்குப் போவது மிகக் குறைவு. நுண்துகளோடு வந்து மேற்பரப்பில் படிந்து, அங்குள்ள மெழுகுப் படலத்தில் ஊறி ஒட்டிக்கொள்வதுதான் முக்கிய வழி. அதனால் விதை எவ்வளவு மூடியிருக்கிறது, எவ்வளவு சிறியது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

நிலக்கடலை மண்ணுக்குள் ஓட்டோடு விளைகிறது. வயலில் நிற்கும்வரை காற்று மாசு பருப்பை நெருங்காது. சூரியகாந்தி விதை வெளியே பார்த்து நின்றாலும் அதற்குத் தோல் உண்டு. தோலை நீக்கி ஆட்டினால் மேலே படிந்ததில் பெரும்பகுதி தோலோடு போய்விடும். தோலோடு ஆட்டினால் எண்ணெயில் இறங்கும். எள்தான் மூன்றிலும் கவலைக்குரியது. காய் வெடிக்கும்வரை உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அறுத்துக் கட்டி நிறுத்திக் காய வைக்கும் நாட்களில் வாய் திறந்த காய்களுக்குள் தூசி இறங்கும். ஒரு கிலோ எள்ளில் சுமார் 3 லட்சம் விதைகள் இருக்கும். அதே எடைக் கடலைப் பருப்போடு ஒப்பிட்டால் அதன் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. பெரும்பாலும் தோல் நீக்காமலே ஆட்டுகிறோம். இரண்டு கிலோவுக்கு மேல் எள் போட்டால்தான் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும் என்பதால், கொழுப்பில் கரையும் மாசு அந்த ஒரு கிலோவில் செறிந்துவிடும்.

அடுத்தது ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள். உருக்காலை, மின்கல ஆலைகளின் அருகே ஈயம் தூசியாகப் படிகிறது. காட்மியம் மண்ணில் சேர்ந்து வேர் வழியாகவும் ஏறும். சூரியகாந்தி காட்மியத்தை எளிதில் உறிஞ்சும் பயிர். விதைக்குள் போன உலோகம் புரதத்தோடும், விதை பாஸ்பரஸைச் சேமிக்கும் பொருளான பைட்டேட்டோடும் பிணைந்திருப்பதால், ஆட்டும்போது பெரும்பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெய்க்கு வருவது சிறு பங்கு. பிண்ணாக்கைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: ஓசோனும் கந்தக டையாக்சைடும் இலையைத் தாக்குவதால் வரும் நட்டம். இலைத்துளை வழியாக ஓசோன் உள்ளே போனால் ஒளிச்சேர்க்கை குறையும், இலை முன்கூட்டியே பழுக்கும், விதை நிரம்பாமல் சிறுத்துப் போகும். சோயாவும் கடுகுக் குடும்பப் பயிர்களும் இதற்கு எளிதில் வசப்படும். எண்ணெய்ச் சத்தும் விளைச்சலும் இறங்கும். முதிராத, சுருங்கிய விதையில், எண்ணெயிலிருந்து பிரிந்து நிற்கும் கட்டற்ற கொழுப்பு அமிலம் கூடுதலாகவும் பச்சையம் மிச்சமாகவும் இருக்கும். பச்சையம் கலந்த எண்ணெய் வெளிச்சம் பட்டால் வேகமாகக் காறும். ஒரு துளி நச்சு எண்ணெய்க்குள் போகாமலே தரம் கெடும் வழி இது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: புகைபோக்கிக்குக் காற்று இறங்கும் திசையில் உள்ள துண்டில் எள்ளைத் தவிர்த்து நிலக்கடலை போடுங்கள். அறுவடைக்குப் பின் எள் கட்டுகளை வயலிலேயே விடாமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். எந்தப் பயிராக இருந்தாலும் வாகனம் ஓடும் தார்ச்சாலையில் காயப்போடாதீர்கள். டயர்த் துகள், வண்டிப் புகை, தாரின் எண்ணெய்ப்பசை, ஒழுகிய எஞ்சின் ஆயில் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. தூரத்துப் புகைபோக்கி ஒரு பருவம் முழுக்கப் படியவிடுவதைவிட, சாலையில் இரண்டு நாள் காய்வது கூடுதல் கெடுதல் செய்யக்கூடும்.

கேள்வி: வித்தைக் கழுவி ஆட்டினால் மாசு போய்விடுமா?

தளர்வாக ஒட்டிய தூசி போகும். மெழுகுப் படலத்தில் ஊறிய பல்வளைய ஹைட்ரோகார்பன் தண்ணீருக்கு அசையாது. தூற்றி, சலித்து, காற்றுறிஞ்சியில் விட்டுத் தூசி நீக்குவதே பாதி வேலையை முடித்துவிடும். ஈரமும் ஏறாது.

கழுவுவதில் உள்ள ஆபத்து ஈரம்தான். எள்ளை 6 சதவீதத்துக்கும் கடலைப் பருப்பை 7–8 சதவீதத்துக்கும் கீழே மறுபடி காய வைக்காவிட்டால், வித்தில் உள்ள லைப்பேஸ் நொதி எண்ணெயைப் பிளந்து அமிலத்தை ஏற்றும். கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வரும். அது தூசியைவிடப் பெரிய தொல்லை. கழுவியே ஆக வேண்டும் என்றால் ஊற வைக்காமல் ஓடும் தண்ணீரில் அலசி, உடனே வடித்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி அன்றே காய வைக்க முடிகிற நாளில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: கொப்பரையும் வித்தும் காய வைக்க விறகு உலர்த்தி வைத்திருக்கிறோம். பக்கத்து ஆலைப் புகையைவிட எங்கள் உலர்த்திப் புகைதான் எண்ணெயைக் கெடுக்கிறது என்று வாங்குபவர் ஒருவர் சொல்கிறார். அப்படி இருக்குமா?

அவர் சொல்வது சரி. இந்த விஷயத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மையும் இதுதான். எண்ணெயில் வரம்பு மீறிப் பென்சோ-ஏ-பைரீன் காணப்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உலர்த்தியை. 2001 ஜூலையில் ஸ்பெயின் தன் ஆலிவ் சக்கை எண்ணெயைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சக்கையை உலர்த்தும்போது சேர்ந்த இந்தச் சேர்மங்களே காரணம். கொப்பரையைப் புகையில் வாட்டுவதும் அதே வகை.

ஒரு கணக்கு. உலர்த்தி விசிறி மணிக்கு 3,000 கன மீட்டர் காற்றை இழுத்துப் பத்து மணி நேரம் ஓடுகிறது, உள்ளே ஒரு டன் வித்து இருக்கிறது. வெளிக்காற்று மிக மோசம், கன மீட்டருக்கு 5 நானோகிராம் பென்சோ-ஏ-பைரீன் இருக்கிறது என்று கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் அளவு 1 நானோகிராம். 30,000 கன மீட்டர் காற்றில் மொத்தம் 150 மைக்ரோகிராம் வருகிறது. அது அத்தனையும் வித்தில் ஒட்டிக்கொண்டாலும் கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். எண்ணெயில் இரண்டு மடங்காகச் செறிந்தால் 0.3. ஐரோப்பிய ஒன்றியம் சமையல் எண்ணெய்க்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். வெளிக்காற்று மட்டுமே உங்களை வரம்பு தாண்ட வைப்பது கடினம். அடுப்புப் புகையோ இந்த வெளிக்காற்றைவிடப் பல நூறு மடங்கு செறிவானது. அதை நேராக வித்தின் மேல் விட்டால் சில மணி நேரம் போதும்.

அதே ஒன்றியம் பென்சோ-ஏ-பைரீன் உள்ளிட்ட நான்கு சேர்மங்களின் கூட்டுத்தொகைக்குப் பொதுவான எண்ணெய்களில் 10 மைக்ரோகிராமும் தேங்காய் எண்ணெயில் 20 மைக்ரோகிராமும் அனுமதிக்கிறது. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இந்த எண்களை மனதில் வையுங்கள்.

புகை ஒரு குழாயில் போய், அந்தக் குழாயின் வெளிப்புறச் சூட்டில் தனிக் காற்று சூடாகி வித்துக்குப் போகும் மறைமுக உலர்த்தியே சரி. அது உங்களிடம் இருந்தாலும் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். சூடு ஏறி இறங்கும்போது பற்றவைப்பு மூட்டில் மயிரிழை விரிசல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்து, சூடான காற்று வெளியேறும் வாயில் கம்பிச் சட்டத்தில் கட்டி, வித்து போடாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். இன்னொரு துண்டை வெளிக்காற்று உறிஞ்சும் வாயில் கட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிவாய்த் துணி கூடுதலாகக் கறுத்திருந்தால் குழாய் ஒழுகுகிறது. உள்வாய்த் துணி கறுத்திருந்தால் விசிறி உங்கள் புகைபோக்கியின் புகையையே திரும்ப இழுக்கிறது. அப்படியானால் உறிஞ்சும் வாயைக் காற்று வரும் திசைக்கு மாற்றி, புகைபோக்கியை உயர்த்துங்கள்.

எரிபொருளில் கண்டிப்பு வேண்டும். பச்சை விறகு புகையைக் கூட்டும். பிளாஸ்டிக், டயர், பெயின்ட் அடித்த மரம், பழைய எஞ்சின் ஆயில் ஆகியவை உலர்த்தி இருக்கும் வளாகத்திலேயே எரியக் கூடாது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும். அதுவும் கொழுப்பைத் தேடிப் போகும் பொருள்தான்.

கேள்வி: வார்ப்பட ஆலைக்குப் பக்கத்தில் சிறு எண்ணெய் மில் நடத்துகிறோம். அதே வித்து, அதே இயந்திரம், ஆனால் எண்ணெய் முன்பைவிடச் சீக்கிரம் காறுகிறது. எங்கே பார்ப்பது?

இரும்புத் தூசியைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தட்டை எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். படிந்த தூசியின் மேல், பாலிதீன் தாளில் சுற்றிய வலுவான காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். கறுப்புத் துகள்கள் முள்முள்ளாக எழுந்து தாளில் ஒட்டினால் வார்ப்படத் தூசி உள்ளே வருகிறது. துருவின் செந்நிறத் தூள் காந்தத்துக்கு அவ்வளவாக அசையாது. அதனால் தட்டின் நிறத்தையும் கவனியுங்கள்.

இரும்புத் துகள் அப்படியே எண்ணெயில் கரைவதில்லை. எண்ணெயில் உள்ள கட்டற்ற கொழுப்பு அமிலம் அதைத் தின்று இரும்புச் சோப்பாக மாற்றுகிறது. அந்தச் சோப்பு எண்ணெயில் கரைந்து பெராக்சைடுகளை உடைத்து, காறலை விரட்டி ஓட்டுகிறது. அமிலம் கூடிய எண்ணெயில் இது இன்னும் வேகமாக நடக்கும். செம்பு இரும்பைவிடக் கெட்டது. கோடெக்ஸ், செக்கு எண்ணெய்க்கு இரும்பைக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை விடுகிறது, செம்பை 0.4-க்கு மேல் விடுவதில்லை. சுத்திகரித்த எண்ணெயில் செம்புக்கு 0.1 மட்டுமே. தொட்டியில் செம்பு கலந்த பித்தளைக் குழாய் மாட்டியிருந்தால் இன்றே எவர்சில்வருக்கு மாற்றுங்கள். பக்கத்து ஆலைகளின் கந்தகப் புகை ஈரத்தோடு சேர்ந்து உங்கள் தகரக் கூரை, தொட்டி விளிம்பு, டின் மூடி எல்லாவற்றையும் அரிக்கும். அந்தத் துருவும் எண்ணெயில்தான் விழுகிறது.

மாற்றம் வருகிறதா என்று தெரிய இரண்டு எண்களை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். இரண்டையும் மில்லிலேயே பார்க்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

அமில எண் (கட்டற்ற கொழுப்பு அமிலத்தின் அளவு): 10 கிராம் எண்ணெயை எடுத்து, முன்கூட்டியே நடுநிலையாக்கிய சூடான ஆல்கஹால் 50 மில்லி ஊற்றி, நிறங்காட்டியான பீனால்ஃப்தலீன் சில துளி விட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிந்தது. செலவான மில்லியை 56.1 ஆலும் 0.1 ஆலும் பெருக்கி, 10 ஆல் வகுக்க வேண்டும். 4.2 மில்லி போனால் அமில எண் 2.36. செக்கு எண்ணெய்க்குக் கோடெக்ஸ் வரம்பு 4, சுத்திகரித்ததற்கு 0.6. இங்கே வழக்கமாக வரும் தவறு ஆல்கஹாலை நடுநிலையாக்க மறப்பது. ஆல்கஹாலிலேயே இருக்கும் அமிலத்தை எண்ணெயின் கணக்கில் எழுதிவிடுவோம்.

பெராக்சைடு எண்: 5 கிராம் எண்ணெய், அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் 3:2 கலந்த கரைசல் 30 மில்லி, பொட்டாசியம் அயோடைடின் தெவிட்டிய கரைசல் 0.5 மில்லி. ஒரு நிமிடம் குலுக்கி, 30 மில்லி தண்ணீர் சேர்த்து, 0.01 நார்மல் தயோசல்ஃபேட்டை விடுங்கள். மஞ்சள் மங்கியதும் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும்வரை தொடருங்கள். எண்ணெய் இல்லாமல் இதையே ஒருமுறை செய்து அந்த அளவைக் கழியுங்கள். எண்ணெய்க்கு 3.6 மில்லி, வெற்றுக் கரைசலுக்கு 0.1 மில்லி என்றால், 3.5 × 0.01 × 1,000 ÷ 5 = 7. செக்கு எண்ணெய்க்கு 15 வரை வரம்பு.

ஒன்றை மறக்க வேண்டாம்: பெராக்சைடு ஏறி உச்சத்தைத் தொட்டபின் உடைந்து கீழே இறங்கும். வாடை அடிக்கும் எண்ணெயில் எண் குறைவாக வந்தால் அது புதியது என்று அர்த்தமில்லை, முற்றிய நிலையைத் தாண்டிவிட்டது. அப்போது ஆய்வகத்தில், பெராக்சைடு உடைந்து உருவான பொருட்களை அளக்கும் அனிசிடின் எண் கேளுங்கள்.

சரிசெய்ய: தொட்டிகளுக்கு மூடி, மூடியில் காற்றுத் துளைக்கு வடிகட்டி, வார்ப்பட ஆலை பக்கமுள்ள ஜன்னலை அடைத்து மறுபக்கம் திறப்பு. எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே குழாய் வைத்து எடுங்கள். மண்டியோடு கிடக்கும் எண்ணெயை மறுநாள் எண்ணெயோடு கலக்காதீர்கள். இரும்பு போய்ச் சேரும் இடமே அந்த மண்டிதான்.

கேள்வி: மாசு அதிகமான பகுதி வித்து என்றால் செக்கு எண்ணெயைவிட ரீஃபைன்ட் எண்ணெய்தான் பாதுகாப்பா?

மாசை நீக்கும் கருவிகள் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கின்றன, செக்கில் இல்லை. அது உண்மை. செக்கில் நாம் துணியில் வடிப்பது துகளைத்தான். கரைந்துபோன பல்வளைய ஹைட்ரோகார்பனை எந்தத் துணியும் பிடிக்காது. எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், மாசும் உள்ளேயே இருக்கும்.

சுத்திகரிப்பில், பசை நீக்கும்போதும் வெளுப்பு மண் போடும்போதும் உலோகங்கள் போகின்றன. ஆவியடித்து வாடை நீக்கும் கட்டத்தில், 180 முதல் 260 டிகிரியில், சில மில்லிபார் வெற்றிடத்தில், மூன்று நான்கு வளையமுள்ள இலகுவான சேர்மங்கள் வெளியேறும். பென்சோ-ஏ-பைரீன் ஐந்து வளையம், கனமானது. அது ஆவியோடு எளிதில் போகாது. அதற்கு, இத்தகைய சேர்மங்களைத் தன் நுண்துளைகளில் பிடித்துக்கொள்ளும் கிளர்வூட்டிய கரி வேண்டும். எண்ணெயின் எடையில் 0.1 முதல் 0.4 சதவீதம் வரை வெளுப்பு மண்ணோடு கலந்து, பிறகு வடிகட்டுவார்கள். கரி போடாத ஆலையில் எண்ணெய் ‘ரீஃபைன்ட்’ ஆகத்தான் வரும், ஆனால் கனமான சேர்மங்கள் பெரும்பாலும் தங்கிவிடும். அதனால் ஆலையிடம் கேட்க வேண்டிய கேள்வி “கிளர்வூட்டிய கரி போடுகிறீர்களா, எவ்வளவு?” என்பதே.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 230 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் சூடாக்கினால் கிளிசிடைல் எஸ்டர் என்ற வேறொரு வேண்டாத பொருள் உருவாகும். டோகோஃபெரால்களும் (வைட்டமின் ஈ) கொஞ்சம் போகும். அசுத்தமான வித்தை வாங்கிவந்து சுத்திகரிப்பில் கழுவலாம் என்பதைவிட, தூசி நீக்கிய, புகை படாத வித்திலிருந்து தொடங்குவதே மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. நல்ல வித்தில் ஆட்டிய செக்கு எண்ணெய்க்கு இந்தச் சுற்றெல்லாம் தேவையில்லை.

கேள்வி: பெயின்ட், டீசல் வைத்திருக்கும் கிடங்கிலேயே எண்ணெய்ப் பாட்டில்களும் இருக்கின்றன. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இன்றே பிரித்து வையுங்கள். ஆவியாகும் கரைப்பான்கள் பிளாஸ்டிக்கை ஊடுருவும். பாலிஎத்திலீன் கேன் இதில் மிகவும் பலவீனம், பெட் பாட்டில் ஓரளவு தாங்கும், கண்ணாடியும் தகரமும் விடாது. ஆனால் எதிலும் மூடியின் உள்பட்டை பலவீனமான இடம். உலர்சலவைக் கடைகளுக்கு அருகிலிருந்த கடைகளில் விற்ற வெண்ணெயில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற சலவைக் கரைப்பான் கலந்திருந்தது 1980களிலேயே தெரியவந்தது. சுவர் தாண்டிக் காற்றில் வந்து கொழுப்பில் சேர்ந்தது. எண்ணெயும் கொழுப்புதானே.

கேள்வி: ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது கறுத்துப் போவது காற்று மாசாலா?

இல்லை. சூடு, ஈரம், ஆக்சிஜன், பொரிக்கும் பொருளின் கரிந்த துகள்கள் ஆகியவையே காரணம். பல நாடுகள், எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 24 முதல் 27 சதவீதத்தைத் தொட்டதும் எண்ணெயைக் கொட்டச் சொல்கின்றன. உலோகத் தூசி பறக்கும் பணிமனைக்குள் பொரிகலன் இருந்தால் மட்டும், ஓய்வு நேரத்தில் கட்டாயம் மூடி வையுங்கள்.

கேள்வி: உலோகம் பிண்ணாக்கில் தங்கும் என்றால் அதை மாட்டுக்குப் போடலாமா?

ஈய உருக்காலை, கழிவு எரிப்பு நிலையம் போன்றவற்றுக்கு மிக அருகில் விளைந்த வித்து என்றால், ஈயமும் காட்மியமும் சோதிக்காமல் போட வேண்டாம். செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெயும் மிச்சம் இருப்பதால் கொழுப்பில் கரையும் மாசும் அதில் உண்டு. பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் பெரும்பகுதியை மாட்டின் உடல் சிதைத்துவிடும். டையாக்சினை அப்படிச் சிதைக்க முடியாது. அது பால் கொழுப்பில் வந்து சேரும். பெல்ஜியத்தில் 1999-இல் மாசடைந்த கொழுப்பு தீவனத்தில் கலந்து, முட்டை, கோழி, இறைச்சி வரை திரும்பப் பெற நேர்ந்தது. டையாக்சின் விஷயத்தில் வித்தைவிட, வெளியே மேயும் புல்லுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். அகன்ற இலைப்பரப்பில் படிவது நேராக மாட்டின் வயிற்றுக்குப் போகிறது.

கேள்வி: ஆய்வகத்தில் கொடுக்க எண்ணெய் மாதிரியை எப்படி எடுப்பது? என்னென்ன சோதனை கேட்பது?

‘எல்லாம் பாருங்கள்’ என்று சொன்னால் செலவு ஏறும், பதில் கிடைக்காது. புகை பற்றிய சந்தேகம் என்றால் பென்சோ-ஏ-பைரீனும் நான்கு சேர்மக் கூட்டும். எஞ்சின் ஆயில், டீசல் சந்தேகம் என்றால் கனிம எண்ணெய் ஹைட்ரோகார்பன். உருக்காலைப் பக்கம் என்றால் ஈயம், காட்மியம், ஆர்சனிக். சீக்கிரம் காறுகிறது என்றால் இரும்பு, செம்பு, அமில எண், பெராக்சைடு, அனிசிடின்.

பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் 250 முதல் 500 மில்லி போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், பல்வளைய ஹைட்ரோகார்பன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வையுங்கள். உலோகச் சோதனைக்கு மட்டும் தாள் இல்லாத தனிப் பாட்டில். தொட்டியை நன்றாகக் கலக்கியபின் நடுவிலிருந்து எடுத்து, கழுத்து வரை நிரப்பி, தேதியும் வித்தின் இடமும் உலர்த்திய முறையும் எழுதி ஒட்டுங்கள். அதே நாளில், அதே மில்லில், வேறு இடத்து வித்தை ஆட்டிய எண்ணெயிலிருந்து இன்னொரு மாதிரி எடுங்கள். இரண்டிலும் மாசு ஒரே அளவு வந்தால் குற்றம் வயலில் இல்லை, மில்லிலோ உலர்த்தியிலோ இருக்கிறது. வயல் மாதிரியில் மட்டும் உயர்ந்தால், அந்த வித்தையே தோல் நீக்கி ஆட்டி மூன்றாவதாக ஒரு மாதிரி கொடுங்கள். அதில் எண் இறங்கினால் மாசு மேலே படிந்திருக்கிறது, தூசி நீக்கியும் தோல் நீக்கியும் குறைக்கலாம். இறங்கவில்லை என்றால் மாசு விதைக்குள் இருக்கிறது. அந்த நிலத்தின் மண்ணையும் பாசன நீரையும் சோதிக்கக் கொடுங்கள்.